அடைக்கோழி எழுந்து போயிடுச்சு, வாத்து முட்டைக்கு இன்னும் அஞ்சு நாள் இருக்கு. என்ன பண்றது?

வடுவூர்க்காரி | பிப்ரவரி 25, காலை 7.10

வணக்கம். அவசரம், அதனால சுருக்கமா சொல்லப் பார்க்கிறேன். எனக்கு அது வராது, பொறுத்துக்குங்க.

சம்பா அறுப்பு முடிஞ்சதும் எங்க வீட்டுக்குப் பின்னால ரெண்டு வயல் தள்ளி வாத்து மேய்க்கிறவங்க வந்து பட்டி போட்டாங்க. காலையில நான் லேப்டாப்பைத் திறக்கிற நேரத்துக்கு அந்தக் கூட்டம் வரப்பு தாண்டிப் போகும். வடுவூர் ஏரிக்கு வர்ற பறவையைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ காரு போட்டுக்கிட்டு வர்றாங்க. எனக்கு இந்த வாத்துக் கூட்டமே போதும். ஒருநாள் போய்ப் பத்து முட்டை வாங்கினேன், ஆம்லெட்டுக்குத்தான். நாலு ஆம்லெட் ஆச்சு. மிச்சம் ஆறு.

அப்போ எங்க சாம்பல் கோழி அஞ்சு முட்டையோட அடைக்கு உக்கார ஆரம்பிச்சிருந்துச்சு. சும்மா ஒரு ஆசை. பிப்ரவரி 2 சாயங்காலம் அந்த ஆறையும் அது வயித்துக்கடியில தள்ளி விட்டேன். அதுவும் ஒண்ணும் சொல்லல, அலகால ஒவ்வொண்ணா உருட்டிச் சேர்த்துக்கிச்சு. அப்பாயி அந்த நேரம் கும்பகோணத்துல அத்தை வீட்டுல. போன வாரம் வந்து பார்த்துட்டுத் தலையில அடிச்சுக்கிட்டாங்க. "வாத்து முட்டைய ஒரு வாரம் முன்னாடியே வச்சிருக்கணும்டி, ரெண்டையும் ஒரே நாள்ல வச்சா கோழிக்கு எப்படிக் கணக்குத் தெரியும்?"

அவங்க சொன்னபடியே ஆச்சு. 23ஆம் தேதி நாலு கோழிக்குஞ்சு பொரிச்சுது. நேத்து மத்தியானம் கோழி குஞ்சுகளைக் கூட்டிக்கிட்டு வாசலுக்கு இறங்கிடுச்சு. ராத்திரி கூடைக்குத் திரும்பல, வைக்கோல் போர் ஓரமா குஞ்சுகளை அணைச்சுப் படுத்துக்கிச்சு. விடியக்காலை அஞ்சு மணிக்குத்தான் நான் பார்த்தேன். ஆறு முட்டையும் கையில எடுத்தா சில்லுன்னு இருக்கு.

அம்மா குப்பையில போடச் சொல்லிட்டாங்க. நானும் போடத்தான் எடுத்தேன். கடைசியா ஒரு தடவை பார்ப்போமேன்னு இருட்டு ரூம்ல போன் டார்ச்சை ஒரு முட்டையோட கொண்டைப் பக்கம், அதாவது அகலமான முனையில வச்சேன். உள்ள முழுக்க கறுப்பு. மேல மட்டும் கொஞ்சம் வெளிச்சமான இடம். அந்த வெளிச்சத்துல ஏதோ ஒண்ணு மெதுவா எத்திட்டு உள்ள போச்சு.

இதைப் பார்த்த பிறகு எப்படிங்க குப்பையில போடறது?

இப்போதைக்கு அண்டாவுல துண்டு விரிச்சு, வெந்நீர் நிரப்பின ரெண்டு பாட்டிலை நடுவுல வச்சு, சுத்தி முட்டையை அடுக்கி மூடியிருக்கேன். இன்குபேட்டர் ஆர்டர் போட்டா வர நாலு நாள் ஆகும்னு காட்டுது. வீட்டுல இருக்கிறதை வச்சு இந்த அஞ்சு நாளை ஓட்ட முடியுமா? இல்ல, ராத்திரி முழுக்கக் குளிர்ந்ததுல எல்லாம் முடிஞ்சிருக்குமா?

செவலை_நாமக்கல் | 7.32

முதல்ல ஒண்ணு செஞ்சு பாருங்க. கோழிக்குஞ்சு நாலையும் பிரிச்சு வேற இடத்துல பல்பு போட்டு வச்சுட்டு, கோழியைப் பிடிச்சு முட்டை மேல உக்கார வச்சுக் கூடையால கவுத்துடுங்க. சில கோழி மறுபடி உக்காந்துடும். கோழிக்கு 21 நாள், வாத்துக்கு 28. அப்பாயி சொன்னதுதான் சரி 😀

வடுவூர்க்காரி | 8.05

செஞ்சேன் அண்ணா. என் கையில ரெண்டு கொத்து, முட்டை மேல ஒரு மிதி, கூடையையே கவுத்துட்டு எழுந்துடுச்சு. குஞ்சு கத்துற சத்தம் அதுக்குக் கேட்டுக்கிட்டே இருக்கு. பாவம், அது மேல என்ன தப்பு? நாலையும் திருப்பி விட்டுட்டேன்.

லைன்மேன் அண்ணாச்சி | 8.20

தாயி, பதறாத. இந்தக் கடைசி வாரத்துக் குஞ்சு லேசுல சாகாது. உள்ள இருக்கதே இப்போ கொஞ்சம் சூடு உண்டாக்கும். ஒரு ராத்திரி ஆறினதுக்குப் பயந்து தூக்கிப் போடக் கூடாது. முதல் வாரத்துல இப்படி ஆயிருந்தாத்தான் கவலை.

நான் முப்பது வருசம் கம்பத்துல ஏறி இறங்கினவன். ஓய்வு பெத்த பிறகு தாமிரபரணிக் கரையில வீட்டுக்குப் பின்னால வாத்தும் கோழியுமா கெடக்கேன். பெட்டி எப்படிச் செய்யணும்னு சொல்லுதேன், நிதானமாப் படி.

மீன் கடையில ஐஸ் போட்டு வர்ற தெர்மாகோல் பெட்டி கேட்டு வாங்கு. நாத்தம் போகச் சோப்புப் போட்டுக் கழுவி வெயில்ல வை. குண்டு பல்பு வேணும், 40 வாட். எல்.இ.டி. போட்டுட்டு 'அண்ணாச்சி சூடே வரல'ன்னு கேக்கப்படாது, அது வெளிச்சத்துக்கு மட்டுந்தான். குண்டு பல்பு இப்போ எல்லாக் கடையிலயும் இருக்காது, பழைய எலெக்ட்ரிக்கல் கடையில விசாரி. பெட்டியோட ஒரு ஓரத்துல ஹோல்டரை மாட்டு. பல்பு தெர்மாகோலைத் தொடவே கூடாது. தொட்டா உருகும், அப்புறம் தீ பிடிக்கும். ஒரு பால் பவுடர் டப்பாவை ரெண்டு பக்கமும் வெட்டி பல்பைச் சுத்திக் கூடு மாதிரி மாட்டிரு. ஒயரு ஜாயிண்டுல டேப் சுத்தாம விட்டேன்னு எனக்குத் தெரிஞ்சா அங்க வந்து திட்டுவேன்.

முட்டையை இன்னொரு ஓரத்துல, சாக்கு மேல படுக்க வை. பழைய காலத்துப் பெரிய ஃபேன் ரெகுலேட்டர் வீட்டுல கெடந்தா பல்போட சேத்துரு, சூட்டைக் கூட்டிக் குறைக்கலாம். இல்லேன்னா மூடியைக் கொஞ்சம் விலக்கி விலக்கிப் பழகு. மூடியில நாலு ஓட்டை போடு, குஞ்சுக்கு மூச்சு வேணும். ஒரு சின்னக் கண்ணாடித் துண்டு பதிச்சேன்னா திறக்காமலே பாக்கலாம்.

சூடு: விசிறி இல்லாத பெட்டிங்கதால தெர்மாமீட்டரை முட்டையோட மேல்மட்டத்துல வச்சுப் பாரு. 38லேருந்து 38.5 டிகிரி. விசிறி ஓடுற பெட்டின்னா 37.5 போதும். காய்ச்சல் பாக்குற பாதரச தெர்மாமீட்டர் ஆகாது, அது ஏறினா ஏறினபடி நிக்கும். 39.5 தாண்டினா சில்லுன்னு ஆனதைவிட மோசம், அதுல கவனமா இரு.

ஈரம்: இப்போ ஒரு டம்ளர் தண்ணி போதும். 27ஆம் தேதிக்குப் பிறகு, அதாவது 25 நாள் ஆனதும், அகலமான தட்டுல தண்ணி வச்சு ஒரு துணியை அதுல பாதி முக்கி விடு. ஈரம் காட்டுற மீட்டர் இருந்தா 70 சதவீதத்துக்கு மேல காட்டணும். இல்லேன்னா கண்ணாடி ஓரத்துல லேசா ஆவி படிஞ்சிருக்கான்னு பாரு. அன்னைக்கோட முட்டையைத் திருப்புறதையும் நிறுத்திரு. அதுவரைக்கும் பகல்ல நாலஞ்சு தடவை திருப்பு.

கரண்டு போனா உன் வெந்நீர் பாட்டில் இருக்கவே இருக்கு. அது நல்ல யோசனை தாயி, நானே அப்படித்தான் செய்வேன்.

வடுவூர்க்காரி | மதியம் 1.45

அண்ணாச்சி, பெட்டி ரெடி!!! பல்பு மன்னார்குடியில நாலாவது கடையில கிடைச்சுது. தம்பியோட மீன்தொட்டி தெர்மாமீட்டரைப் பிடுங்கிட்டேன், ஒயர் நுனியில முனை உள்ளது, அப்படியே முட்டை பக்கத்துல ஒட்டி வச்சாச்சு. முதல் ஒரு மணி நேரம் 36க்கும் 41க்கும் நடுவுல ஊஞ்சல் ஆடிச்சு (முட்டை வைக்காமத்தான் பார்த்தேன்). இப்போ மூடியை ரெண்டு விரல் அளவு விலக்கினா 38.2ல நிக்குது.

எல்லா முட்டையையும் டார்ச் வச்சுப் பார்த்தேன். ஒண்ணு முழுக்க வெளிச்சம், உள்ள ஒண்ணுமே இல்ல. ஒண்ணு பாதி கலங்கலா இருக்கு, மெதுவா சாய்ச்சா தண்ணி மாதிரி ஓடுது. நாலு கறுப்பு. அந்த நாலுலயும் மேல காத்து இருக்கிற இடத்தோட கோடு தெளிவா தெரியுது. மூணுல அசைவு பார்த்தேன். நாலாவதுல பத்து நிமிஷம் பார்த்தும் தெரியல, தூங்குதோ என்னமோ.

ஆரணி_பட்டி | 2.30

வெளிச்சமா இருக்கிறது கூமுட்டை. கலங்கலா ஓடுறது நடுவுல செத்தது. ரெண்டையும் உடனே வெளிய எடுத்துடுங்க. சூட்டுல கெட்ட முட்டை வெடிச்சா அந்த நாத்தம் ரெண்டு நாளைக்குப் போகாது, மத்த முட்டையும் வீணாகும். மண்ணுல புதைச்சுடுங்க, நாய் தோண்டாத ஆழத்துக்கு.

நாங்க வாத்து மேய்க்கிற குடும்பம்தான். எங்க அப்பா இன்னமும் அறுப்புக்கு அறுப்பு லாரியில ஏத்திக்கிட்டு உங்க டெல்டா பக்கம் வருவாரு. நீங்க வாங்கினது எங்க முட்டையாக்கூட இருக்கலாம் 🙂 வாத்து பெரும்பாலும் விடியறதுக்கு முன்னாடியே முட்டை போட்டுடும். சின்ன வயசுல மூணரை மணிக்கு எழுப்பி விடுவாங்க, டார்ச் அடிச்சுக்கிட்டு பட்டிக்குள்ள குனிஞ்சு குனிஞ்சு பொறுக்குவோம். சேத்துல பாதி புதைஞ்சு கெடக்கும், கால் விரல்ல தட்டுப்படும். கூட்டத்துல ஆண் வாத்தும் போதுமான அளவு விட்டிருப்போம், அதான் உங்க ஆறுல அஞ்சு கரு கூடியிருக்கு.

ஆனா எங்க வாத்து அடை உக்காராது. போட்ட இடத்துல போட்டுட்டு நடந்துடும். அதுக்கு அந்தப் புத்தியே போயிடுச்சு, முட்டைக்குன்னே தலைமுறை தலைமுறையா பொறுக்கி வளர்த்ததால. அதனாலதான் கிராமத்துல எப்பவும் கோழிக்கு அடியில வைக்கிறது. தானா உக்காந்து பொரிக்கிறது மணிலா வாத்துதான், அந்த மூஞ்சியில சிவப்பா தொங்குமே அது. அதுக்கு 28 நாள் இல்ல, 35 நாள்.

நாலாவது முட்டையை இப்பவே எடுத்துடாதீங்க. அசையாம இருக்கிறதும் உண்டு.

கிளிநொச்சித்_தம்பி | 4.15

எங்கட பக்கம் உதுக்குத் தாரா எண்டுதான் பேர். அம்மம்மா தாரா முட்டையைக் கோழிக்குத்தான் அடை வைப்பா. குஞ்சு பொரிச்சுக் கொஞ்ச நாளில குளத்துக்க இறங்கினவுடன கோழி கரையில நிண்டு குழறும் பாருங்கோ, ஊரே கேக்கும். தன்ர பிள்ளையள் தண்ணிக்க விழுந்திட்டுது எண்டு அதுக்கு நினைப்பு. குஞ்சுகள் திரும்பியும் பாக்காது.

கடைசி நாளுகளில அம்மம்மா ஒரு சட்டியில இளஞ்சூட்டுத் தண்ணி விட்டு முட்டையை மெதுவா மிதக்க விடுவா. உயிர் இருந்தா முட்டை தானா ஆடும். நாங்கள் எல்லாரும் சுத்தி இருந்து பாப்பம். உங்கட நாலாவதையும் உப்பிடிப் பாக்கலாமே?

லைன்மேன் அண்ணாச்சி | 4.40

தம்பி, எங்க ஆச்சியும் செய்வா. ஆனா முட்டையில மயிரிழை விரிசல் இருந்தாலும் தண்ணி உள்ள போயி குஞ்சு மூச்சு முட்டிரும். அதுவும் இந்த நேரத்துல. புதுசா செய்றவங்க கையில வேண்டாம்னு நினைக்கேன். டார்ச்சு போதும் தாயி.

வடுவூர்க்காரி | மார்ச் 1, காலை 6.25

நாலு நாளா எழுதல, மன்னிக்கணும். ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு அலாரம், நாலு மணிக்கு ஒரு அலாரம். வேலையில 'உடம்பு சரியில்லையா'ன்னு கேக்குறாங்க. வாத்து முட்டைன்னு எப்படிச் சொல்றது.

27ஆம் தேதியோட திருப்புறதை நிறுத்திட்டேன். துணி போட்ட தட்டு வச்சாச்சு. நாலாவது முட்டையிலயும் நேத்து அசைவு பார்த்தேன்!

எழுத வந்தது அதுக்கில்ல. இன்னைக்கு விடியக்காலை பெட்டி பக்கத்துல பாய் போட்டுப் படுத்திருந்தேன். 'ப்பீ... ப்பீ'ன்னு ஒரு சத்தம். கோழிக்குஞ்சுன்னு நினைச்சேன். ஆனா கோழிக்குஞ்சு வெளிய இருக்கு. காதைப் பெட்டியில வச்சேன். உள்ளேருந்து. முட்டை இன்னும் உடையல, விரிசல்கூட இல்ல. உள்ளேருந்து பேசுது.

நானும் 'ப்பீ'ன்னேன். பதில் சொல்லுது!! அம்மாவை எழுப்பினேன். 'அஞ்சரை மணிக்கு எதுக்குடி கத்துறே'ன்னு வந்தவங்க பத்து நிமிஷம் பெட்டிக்கு முன்னாடி உக்காந்துட்டாங்க.

ஆரணி_பட்டி | 6.50

காத்து இருக்கிற இடத்துல அலகை விட்டுடுச்சு, அதான் சத்தம். இப்பதான் அது முதல் தடவையா நுரையீரலால மூச்சு விடுது. இனிமே ஓட்டை உடைக்க ஒரு நாள்கூட ஆகலாம். பேசுங்க பேசுங்க, நல்லது. பக்கத்து முட்டைக்கும் கேட்கும்.

வடுவூர்க்காரி | மார்ச் 2, மாலை 6.10

யாராவது இருக்கீங்களா? நேத்து ராத்திரி 9 மணிக்கு முதல் முட்டையில நட்சத்திரம் மாதிரி ஒரு விரிசல் விழுந்துச்சு. காலையில இன்னும் ரெண்டுல. இப்போ 21 மணி நேரம் ஆச்சு. முதல் முட்டையில பட்டாணி அளவு ஓட்டை இருக்கு, அதுல அலகு நுனி தெரியுது, மூச்சு விடுறது தெரியுது. ஆனா மேல எதுவும் நடக்கல. களைச்சுப் போயிடுச்சோ? கோழிக்குஞ்சு இவ்வளவு நேரம் எடுத்துக்கலையே.

பசுமைவீடு_சேலம் | 6.18

லேட் பண்ணாதீங்க சிஸ். நகத்தால ஓட்டைக் கொஞ்சம் கொஞ்சமா பிச்சு விடுங்க. நான் கோழிக்குஞ்சுக்கு ஒருதடவை செஞ்சிருக்கேன்.

லைன்மேன் அண்ணாச்சி | 6.21

தாயி, கையைக் கட்டிக்கிட்டு உக்காரு. பிய்க்காத.

வாத்துக்கு முட்டைத் தோலும் கெட்டி, நேரமும் கூட. முதல் விரிசலுக்கும் வெளிய வர்றதுக்கும் நடுவுல ஒரு நாள், ஒண்ணரை நாள், சில சமயம் ரெண்டு நாளும் ஆகும். அது சும்மா இல்ல. முட்டைத் தோல்ல ஓடுற ரத்தத்தையெல்லாம் உடம்புக்குள்ள இழுத்துக்கிட்டு இருக்கு, மிச்ச மஞ்சள் கருவைத் தொப்புள் வழியா வயித்துக்குள்ள வாங்கிக்கிட்டு இருக்கு. இப்போ பிச்சேன்னா ரத்தம் கொட்டும். நான் செஞ்சிருக்கேன், அதனாலதான் சொல்லுதேன். என் கையிலயே செத்துது. இது நடந்து எட்டு வருசம் ஆச்சு.

பெட்டியையும் திறக்காத. திறக்கத் திறக்க ஈரம் போயி அந்தத் தோல் குஞ்சு மேல பிளாஸ்டிக் பை மாதிரி ஒட்டிக்கிடும், அப்புறம் அதால திரும்ப முடியாது. போயி சாப்பிடு.

வடுவூர்க்காரி | மார்ச் 3, காலை 11.50

மூணு. மூணு குஞ்சு!

சரி, வரிசையா சொல்றேன். ராத்திரி 2.10க்கு முதல் முட்டைக்குள்ள சரசரன்னு சத்தம். அந்த ஓட்டையிலேருந்து வலப்பக்கமா கோடு போட்ட மாதிரி உடைச்சுக்கிட்டே போச்சு, டின் திறக்கிறவங்க மூடியைச் சுத்தி வெட்டுவாங்களே, அப்படி. கொஞ்சம் உடைக்கும், நிறுத்தும், நாலு மூச்சு விடும், மறுபடி. முக்கால் சுத்து வந்ததும் கழுத்தை ஒரு நிமிர்த்து. மூடி மாதிரி ஓடு திறந்துக்கிச்சு. 2.40க்கு முழுசா வெளிய விழுந்துச்சு.

அழகா இருக்கும்னு நினைச்சேன். உண்மையைச் சொல்லணும்னா நனைஞ்ச சணல் கயிறு மாதிரி இருந்துச்சு. தலையைத் தூக்க முடியல. பாதம் மட்டும் உடம்புக்கு ஒட்டாத அளவு பெருசு, விரலுக்கு நடுவுல தோல், நுனியில ஊசி மாதிரி நகம். அலகு நுனியில கடுகு அளவுல வெள்ளையா ஒரு முள், அதாலதான் ஓட்டை உடைச்சிருக்கு. அப்பாயி கண்ணாடி வழியா பார்த்துட்டு 'அட என் கிழவா'ன்னாங்க. அதான் அதுக்குப் பேரு. கிழவன்.

ரெண்டாவது ஆறு மணிக்கு, மூணாவது பதினோரு மணிக்கு. கிழவன் அதுக்குள்ள காஞ்சு மஞ்சளும் பழுப்புமா பஞ்சு ஆயிட்டான். நான் பெட்டியைப் பார்த்து 'ப்பீ'ன்னதும் தள்ளாடிக்கிட்டுக் கண்ணாடி பக்கம் வந்து நின்னு என்னைப் பார்த்தான். ஒரு கண்ணால பார்த்தான், அப்புறம் தலையைத் திருப்பி இன்னொரு கண்ணால பார்த்தான்.

நாலாவது முட்டையில நேத்து சாயங்காலம் கேட்ட சத்தம் இன்னைக்குக் காலையில இல்ல. விரிசலும் விழல. சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன்.

இப்போ என்ன கொடுக்கிறது, எப்போ தண்ணியில விடலாம்?

கால்நடை_மாணவி | 12.30

வாழ்த்துகள் அக்கா! நல்லாக் காயுற வரைக்கும் அங்கேயே இருக்கட்டும். வயித்துக்குள்ள மஞ்சள் கரு இருக்கிறதால ஒருநாள், ஒண்ணரை நாள் சாப்பாடு இல்லாமலும் தாங்கும். அப்புறம் அட்டைப் பெட்டி, அதே பல்பு. முதல் வாரம் 32லேருந்து 35 டிகிரி வரை, அதுக்கு மேல வாரத்துக்கு மூணு டிகிரி குறைச்சுக்கிட்டே வாங்க. மார்ச் மாசத்துல உங்க ஊர்ல பகல்ல பல்பே தேவைப்படாது, ராத்திரிக்கு மட்டும். பல்புக்கு அடியில ஒண்ணு மேல ஒண்ணு ஏறிப் படுத்தா குளிருதுன்னு அர்த்தம், மூலைக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினா சூடு அதிகம். அடியில நியூஸ்பேப்பர் மட்டும் போடாதீங்க. வழுக்கி ரெண்டு காலும் பக்கவாட்டுல விரிஞ்சிடும். சாக்கு நல்லது.

தீவனம்: மருந்து கலக்காத குஞ்சுத் தீவனம், தண்ணி தெளிச்சுப் பிசைஞ்சு. அவிச்ச முட்டை, குழைய வெந்த நொய், பொடியா நறுக்கின கீரை, அசோலாங்கிற மிதக்கிற நீர்ச்செடி. வாத்துக்குஞ்சுக்கு நியாசின்ங்கிற வைட்டமின் கோழிக்குஞ்சைவிட அதிகம் வேணும், இல்லேன்னா கால் வளையும். தீவனத்துல கொஞ்சம் ஈஸ்ட் பவுடர் தூவுங்க.

கடலைப் புண்ணாக்கு வேண்டவே வேண்டாம். இதை மட்டும் பெருசா எழுதி ஒட்டிக்குங்க. பூஞ்சை பிடிச்ச கடலையில வர்ற அஃப்ளாடாக்சின் வாத்துக்குஞ்சைக் கோழியைவிட சீக்கிரம் கொல்லும். 1960ல இங்கிலாந்துல லட்சத்துக்கு மேல வான்கோழிங்க காரணம் தெரியாம செத்துது, கடைசியில பிரேசில்லேருந்து வந்த கடலைப் புண்ணாக்குன்னு கண்டுபிடிச்சாங்க. அந்த விஷத்தைச் சோதிக்க அப்போ பயன்படுத்தினதே ஒருநாள் வாத்துக்குஞ்சைத்தான், அவ்வளவு தாங்காது அதுங்களுக்கு.

தண்ணி எப்பவும் பக்கத்துல இருக்கணும், தீவனத்தைத் தண்ணியோடத்தான் முழுங்கும். மூக்கு ஓட்டை முங்குற ஆழம், ஆனா உள்ள விழுந்தா நிக்கணும். தட்டுல கூழாங்கல் போட்டுடுங்க.

அப்புறம் 'ப்பீ'ன்னு பேசினீங்க இல்ல, நீங்கதான் இனிமே அம்மா. கொன்ராட் லோரன்ஸ்னு ஆஸ்திரியாக்காரர் இதை ஆராய்ச்சி பண்ணித்தான் பேர் வாங்கினார், 1973ல நோபல் கூட. அவர் பின்னாடி வாத்துக்குஞ்சும் நடந்துச்சு, காட்டுப் பெருவாத்துக் குஞ்சும் நடந்துச்சு.

லைன்மேன் அண்ணாச்சி | 1.05

தண்ணியில விடுறதுக்கு அவசரப்படாத தாயி. வாத்துன்னா பொறந்ததும் நீந்தும்னு நினைப்போம். தாய் வாத்து கூட இருந்தா அது மேல இருக்க எண்ணெய் குஞ்சு முடியில ஒட்டி ஈரம் ஏறாம காக்கும். உன் குஞ்சுக்கு அது கெடையாது. முதல் வாரம் கழிச்சு அகலத் தட்டுல வெதுவெதுன்னு தண்ணி, அஞ்சு நிமிசம், நீ பக்கத்துல. எடுத்ததும் துடைச்சுப் பல்புக்கடியில விடு. காக்கா, பூனை, கீரி, பெருச்சாளி, நாலுக்கும் கண்ணு இருக்குன்னு மறந்துராத.

வடுவூர்க்காரி | மார்ச் 24, இரவு 9.40

நிறைய பேர் கேட்டதால எழுதுறேன். மூணும் நல்லா இருக்கு. கிழவன், குண்டு, மன்னார்குடி (தம்பி வச்ச பேரு, ஏன்னு கேட்காதீங்க). நாலாவது வரல. மூணாம் தேதி ராத்திரி முருங்கை மரத்தடியில புதைச்சேன். அலகு காத்துப் பக்கம் வரைக்கும் வந்திருந்துச்சு, அவ்வளவுதான். மூடியை நான் அன்னைக்கு நாலஞ்சு தடவை திறந்தேன் அண்ணாச்சி. நீங்க சொன்ன பிறகும் ஒரு தடவை திறந்தேன்.

கோழிக்கிட்ட சேர்க்கப் பார்த்தேன். ராத்திரி இருட்டுல மெதுவா செட்டைக்கடியில நுழைச்சு விட்டா தெரியாதுன்னு அப்பாயி சொன்னாங்க. தெரிஞ்சுது. குண்டு தலையில ஒரு கொத்து வாங்கினதோட சரி.

அதனால நான்தான். நாற்காலியில உக்காந்தா என் ரெண்டு பாதத்து மேலயும் மூணும் ஏறிப் படுத்துக்கும். எழுந்து சமையக்கட்டுக்குப் போனா 'பொத் பொத்'னு பின்னாடியே. பாத்ரூம் கதவைச் சாத்தினா வெளிய நின்னு மூணும் சேர்ந்து கதறும், செத்துட்டேன்னு நினைச்சுக்கும்போல. மீட்டிங்ல மைக்கை ஆன் பண்ணினா கிழவன் முதல்ல பேசுறான். மேனேஜர் இப்போ 'உங்க டீம் நல்லா இருக்கா'ன்னு அவனைத்தான் கேட்கிறார்.

அழுக்கை யாரும் சொல்லவே இல்லையே எனக்கு! தண்ணித் தட்டை வச்ச ரெண்டாவது நிமிஷம் தீவனம் தண்ணியில, தண்ணி சாக்குல, சாக்கு முழுக்க சேறு. ஒரு நாளைக்கு மூணு தடவை மாத்துறேன். மாத்தலேன்னா அந்த வாடை கோழிக் கூண்டையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுடும்.

பத்தாவது நாள் குளியல் போட்டேன். பழைய அலுமினிய அன்னக்கூடையில நாலு விரல் தண்ணி. மன்னார்குடி உள்ள இறங்கி ஒரு விநாடி அப்படியே நின்னுச்சு. அப்புறம் தலையை முக்கி முதுகு மேல தண்ணியை வாரி ஊத்திக்கிச்சு. யாரும் சொல்லிக் கொடுக்கல. உடனே மூணும் ஒரே களேபரம், அடியில முங்கி ஒண்ணுக்கடியில ஒண்ணு போயி அந்தப் பக்கம் எழுந்திரிக்குது. அஞ்சு நிமிஷத்துல நிஜமாவே நனைஞ்சு நடுங்க ஆரம்பிச்சுது, துண்டுல சுத்தி மடியில வச்சுக்கிட்டேன். துண்டுக்குள்ளேருந்து மூணு அலகு மட்டும் வெளிய. அந்தப் படத்தைத்தான் கீழ போட்டிருக்கேன்.

குப்பையில போடச் சொன்ன எங்க அம்மா இப்போ சாயங்காலம் ஆனா கிண்ணத்தை எடுத்துக்கிட்டு வாய்க்காலுக்குக் கிளம்பிடுறாங்க, நத்தை பொறுக்க.

ஆரணி_பட்டி | 10.05

படம் பார்த்தேன். அப்பாக்கிட்டயும் காட்டினேன். கீரியா சன்னியாசியான்னு கேட்டேன், எங்க பக்கத்து வாத்தை அப்படித்தான் ரகம் பிரிப்போம். இறகு முழுக்க வரட்டும், பஞ்சை வச்சு யாரும் சொல்ல முடியாதுன்னுட்டாரு. ரெண்டு மாசத்துல குரலும் மாறும். பெட்டைதான் ஊர் கேட்க 'குவாக்'னு கத்தும், ஆணுக்குத் தொண்டை கட்டின மாதிரி வரும். வால்ல சுருள் முடி வந்தா ஆண். உங்க கிழவன் கிழவியாவும் இருக்கலாம். ரெண்டு மாசம் ஆனதும் கால்நடை மருத்துவமனையில வாத்து பிளேக் தடுப்பூசி கேளுங்க, மறக்காதீங்க.

வடுவூர்க்காரி | மே 6, காலை 8.15

கிழவி. இன்னைக்குக் காலையில வாய்க்கால் கரையிலேருந்து கத்தின கத்துல பக்கத்து வீட்டு மாமா குழாயை மூடிட்டு ஓடி வந்துட்டார். மன்னார்குடிக்குத் தொண்டை கட்டியிருக்கு, வால்ல ஒரு சுருள். குண்டு இன்னும் முடிவு பண்ணல.

மூணும் இப்போ வாய்க்காலுக்குத் தானே போயி அஞ்சு மணிக்குத் தானே வந்துடும். முதல் நாள் இறக்கி விட்டப்போ நான் கரையில நின்னு 'வா வா'ன்னு கத்தினேன். திரும்பியே பார்க்கல. அப்பாயி திண்ணையில உக்காந்து சிரிச்சாங்க, "சாம்பல் கோழி மாதிரியே நிக்கிறேடி".

ஒரு கேள்வி. அதே சாம்பல் கோழி மறுபடி கொறு கொறுன்னு கூடையைச் சுத்துது. பக்கத்து ஊர்ல ஒருத்தர் வளர்க்கிறார், அவர்கிட்ட ஏழு வாத்து முட்டை சொல்லி வச்சிருக்கேன். முதல்ல இந்த ஏழு, ஏழு நாள் கழிச்சு மூணு கோழி முட்டை. கணக்கு சரிதானே அண்ணாச்சி?

லைன்மேன் அண்ணாச்சி | 8.30

சரிதான் தாயி. அக்கினி வெயில்ல அடை வைக்கப் போற, கூடையை ஓட்டுக்கடியில வைக்காம மரத்தடியில வை. அந்தக் குண்டு பல்பைத் தூக்கிப் போட்டுராத.